சாம்பல் படமும் நாலு துண்டுத் தாளும்

இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படம் போடத் தொடங்கிய எவருக்கும் முதலில் வருகிற வருத்தம் ஒன்றுதான். உருவம் வரும், கூராகவும் இருக்கும், ஆனால் கறுப்பு கறுப்பாக இல்லாமல், வெள்ளை வெள்ளையாக இல்லாமல், திருநீறு பூசினமாதிரி எல்லாம் ஒரே சாம்பலாக நிற்கும். உரும்பிராயில் எங்கள் வீட்டுச் சாமான் அறையை இருட்டறையாக்கி நான் போட்ட பிரிண்டுகள் கன நாளாக இப்படித்தான் வந்தன. இப்போது சரியாக வருகிறது. எதை எந்த ஒழுங்கில் பார்த்துத் திருத்தினேன் என்பதை எழுதி வைக்கிறேன். புத்தகங்கள் எல்லாம் 20 பாகைக் குளிர், மென்னீர், ஆடாத கறண்ட் என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. யாழ்ப்பாணத்தில் இந்த மூன்றும் கிடையாது.

முதலில் சாமான்கள். நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழுத்துகிற என்லாஜர் பழசு, மூடிவிட்ட ஒரு ஸ்ரூடியோவிலிருந்து 18,000 ரூபாவுக்கு வாங்கியது, 35 மி.மீ. பிலிமுக்கானது, 50 மி.மீ. லென்ஸ், 75 வாட் பால்நிறக் குமிழ். தட்டுகள் குசினிச் சாமான் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் தட்டுகள்தான், ஆனால் மூன்று நிறத்தில் வாங்கினேன், படத்தை வரவைக்கிற டெவலப்பருக்குச் சிவப்பு, அதை நிறுத்துகிற நடுத்தட்டுக்கு மஞ்சள், படத்தை நிலைக்கவைக்கிற ஹைப்போவுக்கு நீலம் என்று ஒருபோதும் மாறாமல் வைத்துக்கொள்ள. இருட்டறையின் சிவப்பு லைற்றில் சிவப்பும் மஞ்சளும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பது வேறு கதை, கழுவி அடுக்கும்போதாவது மாறாது. தாள் இல்ஃபோர்ட் மல்ரிகிரேட் ஆர்.சி. (பிளாஸ்ரிக் பூச்சுள்ளது), 8க்கு 10 அங்குலம், லண்டனிலிருந்து வருகிற சொந்தக்காரர் மூலம் வரும். வரவழைக்கிற செலவோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு தாள் 500 ரூபாவுக்குக் குறையாது. அதனால் முழுத் தாளில் சோதனை செய்கிற பழக்கத்தை முதலில் விடவேண்டும். ஒரு தாளை நீளவாக்கில் ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி, கறுப்பு உறையில் போட்டு வைத்தால் எட்டுச் சோதனை செய்யலாம்.

அறை ஓட்டுக் கூரை. பகலில் கதவைச் சாத்திவிட்டுச் சும்மா ஒரு பத்து நிமிடம் இருந்து பார்த்தேன். முதல் இரண்டு நிமிடம் நல்ல இருட்டு, பிறகு கண் பழகப் பழக ஓட்டு இடுக்கு, கதவுக் கீழ்விளிம்பு, வயர் போகிற துளை என்று ஒவ்வொன்றாக வெளிச்சம் தெரிந்தது. அடைக்கிற வேலையில் இறங்கினால் முடியாது என்று விளங்கியது. இரவில் மட்டும் போடுவது என்று முடிவெடுத்து, கதவுக் கீழே ஒரு சாக்கை உருட்டி வைத்தேன். அத்தோடு சரி.

நான் முதலில் சந்தேகப்பட்டது நெகட்டிவை. பண்ணைக் கடலில் கட்டி நின்ற தோணி ஒன்றின் படம், எதிர் வெயிலில் எடுத்தது. நெகட்டிவைச் செய்தித்தாள் எழுத்துக்கு மேலே வைத்து, மிகவும் அடர்த்தியான இடத்தூடாக எழுத்து மட்டுமட்டாக வாசிக்கக்கூடியதாக இருந்தால் அடர்த்தி சரி என்பது பழைய கணக்கு. வாசிக்கலாம். அப்படியானால் கோளாறு நெகட்டிவில் இல்லை. சரி, கொன்ராஸ்ற் (கறுப்பு வெள்ளை வித்தியாசம்) காணாது என்று, அதைக் கூட்டிக் குறைக்கிற என்லாஜர் ஃபில்ரரை 2இலிருந்து 4½க்கு ஏற்றினேன். சாம்பல் கொஞ்சம் கடுஞ்சாம்பல் ஆனது. ஃபில்ரரால் கோளாறை மூடப் பார்த்தால் உண்மையான காரணம் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும், அதனால் அதைத் திரும்ப 2இலேயே வைத்துவிட்டேன்.

இணுவிலில் ஒரு ஐயா இருக்கிறார். அடையாள அட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் படம் கேட்ட காலத்தில் ஸ்ரூடியோவில் பிரிண்ட் போட்டவர். பிரிண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். தோணியைப் பார்க்கவே இல்லை மனிசன். யன்னலடியில் பிடித்து, பிரேமின் கீழ் மறைந்திருந்த தாளின் கரையைப் பார்த்தார்.

“தம்பி, படத்தை விடும். இந்தக் கரையிலை வெளிச்சமே படேல்லை. பிறகேன் இது வெள்ளையா இல்லை?”

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் திறப்பு. நாலு துண்டுத் தாள். முதல் துண்டை, சிவப்பு லைற்றும் இல்லாத முழு இருட்டில், நேரே ஹைப்போவில் போடவேண்டும். அது அந்தத் தாளின் உண்மையான வெள்ளை. இரண்டாவதை அதே முழு இருட்டில், வெளிச்சம் காட்டாமல், டெவலப்பரில் முழு நேரமும் வைத்துப் பிறகு ஹைப்போ. மூன்றாவதைச் சிவப்பு லைற்றின் கீழ் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு டெவலப் பண்ணவேண்டும். நாலாவதை அறை லைற்றைப் போட்டு நன்றாக வெளிச்சம் காட்டி டெவலப் பண்ணினால் அது அந்தத் தாளும் அந்த டெவலப்பரும் சேர்ந்து தரக்கூடிய உச்சக் கறுப்பு. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் தெரிந்தால் தாள் பழசு அல்லது டெவலப்பரில் பிழை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் தெரிந்தால் சிவப்பு லைற். நாலாவது கறுக்காவிட்டால் டெவலப்பர் செத்துவிட்டது.

எனக்கு முதல் இரண்டும் ஒரே வெள்ளை. தாள் நல்ல தாள். மூன்றாவது மெல்லிய சாம்பல். நாலாவதைப் பார்க்கத்தான் சிரிப்பு வந்தது, அறை லைற்றில் அவ்வளவு வெளிச்சம் காட்டியும் தேத்தண்ணிச் சாயம் கலந்த ஒரு மண்ணிறச் சாம்பல். ஆக இரண்டு கோளாறு. டெவலப்பரை முதலில் எடுத்தேன், அது சரியாகாமல் மற்றச் சோதனை எதையும் நம்ப ஏலாது.

டெவலப்பர் நானே கலக்கிறது, கொடாக்கின் பழைய டி-72 சூத்திரம். ஒரு லீற்றருக்கு மெற்றோல் 3 கிராம், நீரற்ற சோடியம் சல்பைற்று 45, ஹைட்ரோகுயினோன் 12, நீரற்ற சோடியம் காபனேற்று 67.5, பொற்றாசியம் புரோமைட்டு 1.9. இதே ஒழுங்கில் கரைக்கவேண்டும், ஆனால் சல்பைற்று நிறைந்த தண்ணீரில் மெற்றோல் கரையாது, வெறும் தண்ணீரிலோ காற்றுப்பட்டுப் பழுதாகும், அதனால் ஒரு சிட்டிகை சல்பைற்றை மட்டும் முதலில் போட்டுப் பிறகு மெற்றோலைப் போடுவார்கள். பாவிக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர்.

கோளாறு காபனேற்றில். நான் போட்டது சலவைச் சோடாப் பளிங்கு. பளிங்கில் எடைக்கு 60 வீதத்துக்கு மேல் தண்ணீர்தான், காபனேற்று மிச்சம் மட்டும். சூத்திரத்தில் இருக்கிற 67.5 கிராமுக்குப் பளிங்கு என்றால் கிட்டத்தட்ட 182 கிராம் போடவேண்டும், நான் 67.5 போட்டிருந்தேன். காரம் காணாமல் டெவலப்பர் அரை உயிரோடு வேலை செய்திருக்கிறது. எடையைக் கூட்டினாலும் சரிவராது, ஏனென்றால் திறந்து வைத்த பளிங்கு காற்றில் தண்ணீரை இழந்து மேலெல்லாம் மாவாகும், எவ்வளவு இழந்தது என்று ஆருக்குத் தெரியும்.

அதற்கு அப்பச்சோடா, வறுத்தால் அது நீரற்ற காபனேற்றாக மாறும். கடையில் வாங்கிய அப்பச்சோடாவை இரும்புத் தாச்சியில் கொட்டி மிதமான நெருப்பில் வறுத்தேன். முதலில் சும்மா கிடக்கும், பிறகு கொதிக்கிற கஞ்சிபோலப் பொருபொருவென்று மேலே எழும்பும். வாயு போகிறது என்று அர்த்தம். கிளறக் கிளற அந்த ஆட்டம் அடங்கி, அசையாத வெள்ளை மாவாக வந்ததும் இன்னும் கொஞ்ச நேரம் விட்டு இறக்கவேண்டும். 107 கிராம் போட்டால் 67.5 கிராம் அளவில் நிற்கும், தராசில் அந்த எடை வந்தால் முழுதாக மாறிவிட்டது, கூட நின்றால் திரும்ப அடுப்பில். அலுமினியத் தாச்சி வேண்டாம், காபனேற்று அதை அரிக்கும். ஆறினதும் காற்றுப் போகாத போத்தலில் அடைத்துவிட்டேன். செலவு நூற்றுக்கணக்கில் தான், கொழும்பிலிருந்து எடுப்பித்த மெற்றோலுக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

புது டெவலப்பரில் நாலாவது துண்டை விட்டேன். கறுத்தது பாருங்கோ, மை மாதிரி இல்லை, அதற்கும் மேல்.

அந்தத் துண்டை எறியவில்லை. நடுவில் காகிதம் துளைக்கிற கருவியால் ஒரு ஓட்டை போட்டு, காய்ந்த பிரிண்டின் மிகக் கறுப்பான இடத்துக்கு மேல் வைத்துப் பார்ப்பேன். ஓட்டைக்குள்ளே தெரிகிற கறுப்பும் துண்டின் கறுப்பும் ஒன்றாகிவிட்டால் ஓட்டையே காணாமல் போகும். சாம்பலாகத் தெரிந்தால் படத்தில் இன்னும் கறுப்புக்கு இடம் இருக்கிறது. வெள்ளைத் துண்டிலும் இதேபோல ஓட்டை போட்டு, வானத்துக்கு மேலேயும் கரைக்கு மேலேயும் வைக்கலாம். கண்ணை மட்டும் நம்பினால் பக்கத்தில் இருக்கிற சாம்பல் எப்போதும் ஏமாற்றும். எனக்குத் தெரிந்த வரையில் இருட்டறையில் இதைவிட மலிவான கருவி இல்லை.

அடுத்தது சிவப்பு லைற். கடையில் அலங்காரத்துக்கு விற்கிற சிவப்பு எல்.ஈ.டி. குமிழ் ஒன்றைப் போட்டிருந்தேன். பார்வைக்கு நல்ல சிவப்பு. ஒரு பழைய சீடியை எடுத்து, அதன் பளபளப்பான பக்கத்தில் அந்த வெளிச்சம் படும்படி சாய்த்தால் நிறங்கள் பிரிந்து தெரியும். சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கீற்று, கொஞ்சம் தள்ளி நீலமும் மங்கலாக. உள்ளே இருந்தது வெள்ளை எல்.ஈ.டி., வெளியில்தான் சிவப்புப் பூச்சு. மல்ரிகிரேட் தாள் நீலத்துக்கும் பச்சைக்கும்தான் கண் திறக்கும், அந்தக் கீற்றுப் போதும் அதற்கு. இன்னும் இரண்டு மூன்று வகைக் குமிழைச் சீடியில் காட்டி, சிவப்பைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒன்றை எடுத்தேன். கடைக்காரத் தம்பிக்கு நான் ஏன் சீடியோடு வந்து குமிழ் பார்க்கிறேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

மூன்றாவது துண்டு இப்போது வெள்ளையாக வந்தது, ஆனால் வானம் இன்னும் மங்கல். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெறும் தாள் சிவப்பு லைற்றைத் தாங்கும், ஏற்கனவே கொஞ்சம் வெளிச்சம் வாங்கிய தாள் அதே லைற்றைத் தாங்காது. அதனால் சோதனைத் துண்டுக்கு என்லாஜரில் முதலில் சிறிது வெளிச்சம் காட்டி, டெவலப் பண்ணினால் இளஞ்சாம்பல் வருகிற அளவுக்கு, அதற்கு மேலே 5 ரூபாக் குத்தி ஒன்றை வைத்துச் சிவப்பு லைற்றின் கீழ் ஐந்து நிமிடம் விடவேண்டும். டெவலப் பண்ணினேன், குத்தியின் வட்டம் அப்படியே தெரிந்தது. குமிழைத் தட்டுக்கு மேலிருந்து கழற்றி, நாலடி தள்ளி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். வட்டம் போய்விட்டது. அறை இருண்டதுதான், ஆனால் இரண்டு நிமிடத்தில் கண் பழகிவிடும்.

இனி வெக்கை. டெவலப்பருக்கு இல்ஃபோர்ட் சொல்லும் கணக்கெல்லாம் 20 பாகைக்கு. என் தட்டில் வெப்பமானியை வைத்தால் 30. கிணற்றுத் தண்ணீரே 28க்குக் குறையாது, தாங்கித் தண்ணியைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம், பின்னேரம் ஏழு மணிக்கும் சுடும். 30இல் என்ன நடக்கும் என்றால் படம் சட்டென்று எழும்பும், பயந்துபோய்க் கெதியாகத் தூக்கிவிடுவோம், அங்கேதான் கறுப்புப் பாதியில் நிற்கும், இருண்ட பகுதிகள் திட்டுத்திட்டாக வரும். கறுத்துப்போகிறது என்று கண்டால் தூக்கக்கூடாது, அடுத்த தாளுக்கு என்லாஜர் நேரத்தைக் குறைக்கவேண்டும். டெவலப்பரில் எப்போதும் ஒரே நேரம். நான் இந்த வெக்கைக்கு ஒன்றுக்கு இரண்டை விட்டு, ஒன்றுக்கு மூன்றாகக் கலந்து ஒரு நிமிடம் என்று பிடித்துக்கொண்டேன். தட்டைப் பெரிய பேசின் தண்ணீரில் வைத்து, பிரிட்ஜில் உறையவைத்த தண்ணீர்ப் போத்தல் இரண்டை அதில் போட்டால் 24, 25க்கு வரும், ஒரு மணித்தியாலம் நிற்கும். ஐஸைத் தட்டுக்குள்ளேயே போடுகிறவர்களும் இருக்கிறார்கள், டெவலப்பர் தண்ணியாகிப் போகும். இந்த வெக்கையில் தாளின் பூச்சும் இளகி இருக்கும், இடுக்கியால் ஓரத்தை மட்டும் பிடியுங்கோ.

தண்ணீர் பற்றி யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லத் தேவையில்லை, கேத்திலுக்குள்ளே பார்த்தால் தெரியும். சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர். டெவலப்பரைக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கினால் பால்போலக் கலங்கி அடியில் வெள்ளையாகப் படியும், அந்தத் தூள் தாளில் ஒட்டும். கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடி மண்டியை விட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுத்தால் பெரும்பகுதி போய்விடும். இப்போது நான் டெவலப்பருக்கு மட்டும் சுத்திகரித்த குடிதண்ணீர்க் கானில் இருந்து எடுக்கிறேன். மற்றத் தட்டுகளுக்கும் கழுவுவதற்கும் கிணறு போதும், ஆர்.சி. தாளுக்கு இரண்டு நிமிடம் ஓடுகிற தண்ணீர் காணும். கடைசியில் ஒருக்கால் கான் தண்ணீரில் அலசினால் காய்ந்தபிறகு வெள்ளைப் பொட்டு நிற்காது.

நடுத்தட்டுக்குப் புத்தகத்தில் அசற்றிக் அமிலம் என்றிருக்கும். நிறமில்லாத வினாகிரியைச் சம அளவு தண்ணீர் விட்டும் பாவிக்கலாம், ஆனால் சாத்திய அறைக்குள் அந்த மணத்தோடு நிற்க ஏலாது. சித்திரிக் அமிலம் லீற்றருக்கு 15 கிராம், மணமே இல்லை.

இவ்வளவும் திருந்தின பிறகும் ஒரு தொல்லை மிஞ்சியிருந்தது. சோதனைத் துண்டில் லென்ஸ் துளை எஃப் 8இல் 15 வினாடி சரியாக வரும், அதே 15 வினாடியில் முழுத் தாளைப் போட்டால் வெளிறி இருக்கும். ரைமரைக் கழற்றிப் பார்த்தேன், லென்ஸைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பிறகு வோல்ற் மீற்றரைப் பிளக்கில் செருகினேன். ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் ஊரெல்லாம் மோட்டர் போடுகிற நேரம், 230 இருக்கவேண்டிய இடத்தில் 207க்கு இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. பத்து வீதம்தானே என்று நினைக்கலாம். இழைக் குமிழில் வோல்ற்றேஜ் பத்து வீதம் விழுந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது வீதம் விழும், வெளிச்சம் சிவந்தும் போகும், நீலமும் பச்சையும் வேண்டிய மல்ரிகிரேட்டுக்கு அது இன்னும் மோசம். ஸ்ரெபிலைசர் ஒன்று என்லாஜருக்கு மட்டும் வாங்கவேண்டும். இப்போதைக்குப் பத்து மணிக்குப் பிறகு போடுகிறேன், எங்கள் வீட்டுப் பிரிட்ஜின் பிளக்கையும் அந்த நேரம் இழுத்துவிட்டு. திரும்பச் செருக மறந்த இரவுகளைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கோ.

தூசி சோளகக் காலத்தில்தான் பெரிய உபத்திரவம். செம்பாட்டுப் புழுதி நெகட்டிவில் ஒட்டினால் பிரிண்டில் வெள்ளைப் பொட்டாக வரும். தொடங்க முன் நிலத்தைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்குவேன், நெகட்டிவை என்லாஜர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து ஊதுகருவியால் ஊதுவேன். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு குமிழை ஒரு நிமிடம் எரியவிட்டு நெகட்டிவ் சூட்டில் வளைந்து அடங்கினபிறகுதான் குவியம் பார்க்கவேண்டும், குளிர்ந்த நெகட்டிவில் குவியம் பார்த்தால் வெளிச்சம் காட்டும்போது நடுப்பகுதி மங்கும்.

இப்போது தோணி 2½ ஃபில்ரரில் வருகிறது. முதலில் வானத்துக்குச் சரியான நேரத்தைத் துண்டில் பிடிப்பேன், ஐந்து ஐந்து வினாடியாக. அது சரியானதும் கறுப்பைப் பார்த்து ஃபில்ரரை மாற்றுவேன். வெள்ளைக்கு நேரம், கறுப்புக்கு ஃபில்ரர், இந்த ஒழுங்கு மாறினால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவோம். 3½க்குப் பிறகு 4க்குப் போனால் நேரத்தை இரட்டிக்கவேண்டும் என்பதையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பிரிண்டை ஐயாவிடம் கொண்டுபோனேன். திரும்பவும் கரையைத்தான் முதலில் பார்த்தார். “இப்ப தோணியைப் பாப்பம்” என்றார்.

பாவித்த ஹைப்போவைப் பற்றி ஒன்று. பிலிம் வெட்டும்போது மிஞ்சுகிற நுனித் துண்டைப் புது ஹைப்போவில் போட்டு, தெளிய எடுக்கும் நேரத்தைக் குறித்து வைக்கவேண்டும். பாவிக்கப் பாவிக்க அந்த நேரம் இரண்டு மடங்கானால் ஹைப்போ முடிந்தது. முடிந்ததைக் கொல்லையில் ஊற்றாதீர்கள். அதில் வெள்ளி கரைந்திருக்கும், இந்த மண்ணில் ஊற்றுகிறது சுண்ணாம்புக்கல் வெடிப்பால் இறங்கி எங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வளவுக் கிணற்றுக்கோதான் போகும், சுன்னாகப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையைப் பார்த்தபிறகும் அதைச் செய்ய மனம் வராது. மூடியுள்ள பிளாஸ்ரிக் கானில் சேர்த்து, சட்டி தேய்க்கிற இரும்பு நார்ச் சுருளை உள்ளே போட்டு வைத்திருக்கிறேன், இரும்பு கரைந்து வெள்ளி கறுப்புச் சேறாகப் படியும். கான் அரைவாசிக்கு மேல் வந்துவிட்டது, அந்தச் சேற்றை ஆர் எடுப்பார்கள் என்று தங்க வேலை செய்கிற ஒருவரிடம் கேட்டிருக்கிறேன்.

அடுத்த முறை தொடங்குவதென்றால் வோல்ற் மீற்றரையும் சீடியையும் முதல் நாளே எடுப்பேன், காபனேற்றின் பெட்டியில் நீரற்றதா பளிங்கா என்று பார்க்காமல் தராசில் வைக்கமாட்டேன். பிளாஸ்ரிக் பூச்சில்லாத ஃபைபர் தாள் பெட்டி ஒன்று அலுமாரியில் பிரிக்காமல் கிடக்கிறது. அதற்கு ஒரு மணித்தியாலம் அளவில் கழுவவேண்டும், கோடையில் எங்கள் கிணறு அதற்குக் காணாது. மாரி வரட்டும்.